நூறு வருடமாக ஓடும் பேச்சு கிளப்பும் நம் வேலூர் மேடையும்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு ஊர் குடியாத்தம், வேலை வேலூரில். அலுவலக நண்பர் ஒருவர், மேடையில் பேசப் பழக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் கூட்டத்துக்கு வா என்று விடாமல் கூப்பிடுகிறார், நூறு வருடமாக நடக்கிற கிளப் என்கிறார். அது உண்மையா, எப்படித் தொடங்கியது, பட்டிமன்றமும் கட்சிக் கூட்டமும் கோயில் சொற்பொழிவும் குறைவில்லாத நம் பக்கத்தில் அது எதற்கு, தமிழ் மீடியத்தில் படித்தவருக்கு அங்கே இடம் உண்டா என்பதுதான் கேள்வி.

நூறு வருடம் என்பது உண்மை. 1924 அக்டோபர் 22 அன்று, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா ஆனா என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முதல் கிளப் கூடியது. அந்தக் கிளப் இன்னும் நடக்கிறது. ஆனால் உலகத்திலேயே பழைய பேச்சு கிளப் இதுதான் என்று உங்கள் நண்பர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். லண்டனில் கோஜர்ஸ் என்ற விவாதச் சங்கம் 1755-லேயே ஒரு மதுக்கடையில் தொடங்கிவிட்டது. பல்கலைக்கழக விவாதச் சங்கங்களான கேம்பிரிட்ஜ் யூனியன் 1815, ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் 1823. ஆனால் அங்கெல்லாம் போனவர்கள் ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள். ஒருவரை ஒருவர் மடக்கிப் பார்க்கப் போனார்கள். பேச எழுந்தால் கை நடுங்குகிறவனுக்கென்றே ஒரு சங்கம் வைத்து, அதை நூறு வருடம் ஓட்டியதுதான் டோஸ்ட்மாஸ்டர்ஸின் தனிச்சிறப்பு.

அதைத் தொடங்கிய ரால்ஃப் ஸ்மெட்லி பெரிய பேச்சாளர் எல்லாம் இல்லை. 1878-ல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரி முடித்ததும் புளூமிங்டன் என்ற ஊரின் ஒய்.எம்.சி.ஏ.வில் கல்விப் பொறுப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வந்துபோன இளைஞர்களைக் கவனித்தார். உடற்பயிற்சிக்கு வருகிறார்கள், படிக்க வருகிறார்கள், நன்றாக வேலை செய்கிறார்கள். ஆனால் ஒரு கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேசச் சொன்னால் முடியவில்லை. ஒரு கமிட்டிக் கூட்டத்தை நடத்திக் கொடு என்றால் தெரியவில்லை. 1905-ல் இவர்களைச் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார். மேல்நாட்டு விருந்துகளில் ஒருவர் எழுந்து பேச்சாளர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்து நிகழ்ச்சியை நடத்திக்கொண்டு போவார். அவருக்குப் பெயர் டோஸ்ட்மாஸ்டர். குழுவும் அந்த விருந்துப் பாணியில் நடந்ததால் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிரெட் டோஸ்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நம் ஊரில் முதல்முறை கேட்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி இது.

என்னைக் கேட்டால், இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய பகுதி 1924 அல்ல, அதற்கு முந்தைய 19 வருடம். ஒய்.எம்.சி.ஏ. வேலையில் ஸ்மெட்லி ஊர் ஊராக மாறினார். புளூமிங்டனுக்குப் பிறகு ஃப்ரீபோர்ட், ராக் ஐலண்ட், பிறகு கலிஃபோர்னியாவில் சான் ஹோசே. போன இடத்திலெல்லாம் ஒரு பேச்சுக் குழுவைத் தொடங்கினார். நன்றாக நடந்தது. அவர் ஊரை விட்டுப் போனதும் அது படுத்துவிட்டது. நல்ல தமிழாசிரியர் ஒருவர் அரசுப் பள்ளிக்கு வந்து இலக்கிய மன்றம் நடத்துவார், வெள்ளிக்கிழமை மதியம் பையன்கள் பேசித் தள்ளுவார்கள், அவருக்கு மாறுதல் வந்ததும் அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ படித்த யாருக்கும் இது தெரிந்த கதைதான். ஸ்மெட்லிக்கும் அதேதான் நடந்தது.

அப்படியானால் சாண்டா ஆனாவில் மட்டும் ஏன் நின்றது? அங்கே அவர் இடமாற்றம் இல்லாமல் தங்கிவிட்டார் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் என்றால் அவர் காலத்தோடு முடிந்திருக்க வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு எங்கள் ஊரிலும் வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு ஊருக்கும் போய் நடத்த அவரால் முடியாது. அதனால் கூட்டத்தை எப்படி நடத்துவது, பேச்சை எப்படித் தயாரிப்பது என்று கைநூல் எழுதிக் கொடுத்தார். அவர் இல்லாமலேயே நடத்தலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 1930-ல் கிளப்புகள் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலும் கிளப் வேண்டும் என்று கேட்டதால் பெயரோடு இன்டர்நேஷனல் சேர்ந்தது. 1932 டிசம்பரில் லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவு செய்தார்கள். அந்தக் கூட்டமைப்பின் முதல் தலைவர் யார் தெரியுமா? ஸ்மெட்லி இல்லை. பக்கத்து ஊரான ஆனஹைமில் கிளப் தொடங்கிய கிளார்க் சேம்பர்லின். ஸ்மெட்லி செயலாளராக உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1965-ல் அவர் இறந்தபோது அமைப்புக்கு ஒரு ஆட்டமும் இல்லை.

இந்த ஏற்பாடு இன்றைக்கும் விதிகளில் இருக்கிறது. ஒவ்வொரு கிளப்புக்கும் ஏழு பொறுப்பாளர்கள்: தலைவர், கல்வி, உறுப்பினர் சேர்க்கை, விளம்பரம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், இடத்தையும் பொருள்களையும் பார்த்துக்கொள்ளும் ஒருவர். ஒரு வருடம் முழுதும் தலைவராக இருந்தவர் அடுத்த வருடமும் அதே நாற்காலியில் உட்கார முடியாது. நம் ஊர்ச் சங்கங்களின் நிரந்தரத் தலைவர்கள், கௌரவத் தலைவர்கள், ஆயுட்காலப் புரவலர்கள் எல்லாரையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு விதியின் கனம் தெரியும்.

இனி, கூட்டத்தில் என்னதான் நடக்கிறது என்று சொல்கிறேன். போய்ப் பார்க்காதவர்கள் யாரோ ஒருவர் மேடையில் நின்று பேசுவது எப்படி என்று வகுப்பெடுப்பார் என்று நினைக்கிறார்கள். வாத்தியாரே கிடையாது. ஒரு மணி நேரம் முதல் இரண்டு மணி நேரம் வரை நடக்கும் கூட்டத்தில் வந்த உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவது வேலை இருக்கும். இரண்டு மூன்று பேர் தயாரித்த பேச்சு பேசுவார்கள். வழக்கமாக 5 முதல் 7 நிமிடம். முதல் பேச்சு மட்டும் உங்களைப் பற்றி நீங்களே பேசுவது, 4 முதல் 6 நிமிடம். ஒருவர் நேரம் பார்ப்பார்: 5 நிமிடத்தில் பச்சை அட்டை, 6-ல் மஞ்சள், 7-ல் சிவப்பு. போட்டி என்றால் ஏழரை நிமிடத்தைத் தாண்டினால் தகுதி போயிற்று, எவ்வளவு அழகாகப் பேசியிருந்தாலும் சரி.

இன்னொருவர் ஆ... ம்... என்று இழுப்பதை எண்ணுவார். தமிழில் நடக்கும் கூட்டத்தில் இந்த வேலை சுவாரசியமானது. நமக்கு ஆ, ம் எல்லாம் குறைவு. "வந்து", "அதாவது", "என்னன்னா", "இந்த மாதிரி", "ஆக்சுவலா" இவைதான் நம் இழுவைகள். ஐந்து நிமிடப் பேச்சில் நாற்பது முறை "வந்து" வந்தது என்று ஒருவர் எழுந்து கணக்குச் சொல்லும்போது பேசியவருக்கு நம்பவே முடியாது. அடுத்த பேச்சில் பாதியாகக் குறைந்திருக்கும். இலக்கணம் பார்ப்பவர் ஒருவர் அன்றைய சொல் என்று ஒரு சொல்லைக் கொடுத்து, யார் யார் அதைப் பயன்படுத்தினார்கள் என்று கவனிப்பார். நடுவில் டேபிள் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி: தலைப்பை அங்கேயே, நின்ற இடத்தில் கொடுப்பார்கள், ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். "பாலாற்றில் நாளைக்கு வெள்ளம் வந்தால் நீ என்ன செய்வாய்?" என்பது மாதிரி எதுவும் வரலாம். நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இவை எல்லாவற்றையும் விட மேலானது மதிப்பீடு. ஒவ்வொரு தயாரித்த பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர் 2 முதல் 3 நிமிடம் எழுந்து நின்று, எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். பேசியவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மதிப்பீட்டாளர் பெரிய ஆள் இல்லை. போன வாரம் அவரும் அங்கே திக்கித் திணறியவர்தான். மதிப்பீட்டாளர்களையும் மதிப்பிட ஒரு பொது மதிப்பீட்டாளர் வருவார். நம் மேடைப் பழக்கத்தில் இல்லவே இல்லாத ஒன்று இது. நம்மிடம் பேசி முடித்ததும் "அருமை அய்யா, கலக்கிட்டீங்க" என்பார்கள், பொன்னாடை போடுவார்கள், நினைவுப் பரிசு கொடுப்பார்கள். குறை சொல்வதானால் டீக்கடையில், ஆள் போன பிறகு. முகத்துக்கு நேராக, மரியாதையாக, இரண்டு நிமிடத்துக்குள் குறை சொல்லவும், அதைக் கேட்டுப் பொறுத்துக்கொள்ளவும் அங்கே பழக்குகிறார்கள். வேலூர் ஆபீஸ்களில் மேலதிகாரிகளாக இருக்கிற பலருக்கு, பேச்சுப் பயிற்சியைவிட இதுதான் அவசரத் தேவை என்பேன்.

சரி, நமக்கு இது தேவையா? நம் பக்கத்தில் பேச்சுக்கு என்ன பஞ்சம் என்று கேட்டிருக்கிறீர்கள். பஞ்சம் இல்லைதான். வேலூரிலிருந்து பாலாற்றைத் தாண்டினால் காங்கேயநல்லூர். 1906-ல் கிருபானந்த வாரியார் பிறந்த ஊர். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தகப்பனார் மல்லையதாசரிடமே படித்தவர். இசையும் தமிழும் புராணமும் வீட்டிலேயே கற்று, இளம் வயதிலேயே மேடை ஏறி, 1993 நவம்பரில் லண்டனிலிருந்து திரும்பும் விமானத்தில் உயிர் பிரியும் வரை பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய கூட்டத்தில் முன் வரிசையில் சிறுபிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் கதையை நிறுத்திவிட்டு அவர்களிடம் கேள்வி கேட்பார், சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஒரு சின்னப் பரிசு. பிள்ளைகள் விழித்திருந்தால் பெரியவர்கள் தூங்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். கூட்டத்தைக் கையில் வைத்திருக்க அவர் செய்த இந்த மாதிரி நுணுக்கங்களை எந்த கிளப் பாடத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் வாரியார் உருவான வழியைக் கவனியுங்கள். ஒரு தகப்பன், ஒரு பிள்ளை, வருடக்கணக்கான பாடம். குருகுல வழி. அந்த வழியில் ஒரு வாரியார் கிடைப்பார். குடியாத்தம் கைத்தறி சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவரோ, ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறவரோ, சி.எம்.சி.யில் நர்ஸாக இருக்கிறவரோ பேசக் கற்றுக்கொள்ள அந்த வழி திறந்திருக்காது.

கிறிஸ்தவ மிஷன் வழி கொஞ்சம் வேறு. நாம் இன்று மேடைப் பேச்சு என்று சொல்கிற வடிவம், அதாவது ஒருவர் நின்று ஒரு பொருளைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தொடர்ச்சியாக உரைநடையில் பேசுவது, தமிழில் அவ்வளவு பழையது இல்லை. யாழ்ப்பாணத்தில் பாதிரிமார்களோடு வேலை செய்து அவர்கள் பிரசங்கம் செய்யும் முறையைப் பார்த்த ஆறுமுக நாவலர், அதே முறையைச் சைவத்துக்கு எடுத்துக்கொண்டு 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். ஆறு வருடம் கழித்து, 1853-ல், நம் பக்கத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் வந்தது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கியது. அவர்களும் அவர்களுடைய உபதேசிகளும் சந்தையில், தெருமுனையில் நின்று பேசினார்கள். கேட்கிறவன் குறுக்குக் கேள்வி கேட்பான், கிண்டல் செய்வான், சில சமயம் கல்லும் வரும். அந்தக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் 1860-களில் தமிழிலேயே ஒரு கைநூல் எழுதினார். 1869-ல் அது ஆங்கிலத்திலும் வந்தது. சந்தையில் பேசப்போகிற ஊர்க்காரர்களுக்கான துணைநூல் அது. ஸ்மெட்லி சாண்டா ஆனாவில் கைநூல் எழுதுவதற்கு அறுபது வருடம் முன்பே, பேச்சு என்பதை எழுதிக் கொடுத்துப் பழக்கலாம் என்ற யோசனை ஆற்காட்டுப் பக்கம் வந்துவிட்டது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி. மத நோக்கம் என்பது வேறு விஷயம்.

அந்த மிஷன் நடத்திய ஊரீசு கல்லூரியில்தான் ராதாகிருஷ்ணன் படித்தார். பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். குறிப்புத்தாள் இல்லாமல் ஆங்கிலத்தில் மணிக்கணக்காகப் பேசி மேல்நாட்டாரைக் கட்டிப்போட்டவர், பின்னால் குடியரசுத் தலைவர். அவர் பேச்சை வேலூரில்தான் கற்றார் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. திருத்தணியில் பிறந்த ஒரு பையனுக்கு வேலூரில் அப்படி ஒரு கல்லூரி இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் கட்சி மேடை. சுதேசி இயக்கக் காலத்தில், 1907 வாக்கில், அரசியல் பேச்சு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இறங்கத் தொடங்கியது. திரு.வி.க. போன்றவர்கள் அதற்கு ஒரு நடை கொடுத்தார்கள், திராவிட இயக்கம் அதைத் தெருவுக்குத் தெரு கொண்டுபோனது. வேலூர் கோட்டை மைதானமும் மண்டித் தெருவும் கேட்காத பேச்சு இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் போனால் உருது முஷாயிரா வேறு. விடிய விடியக் கவிதை, வரிக்கு வரி வாஹ் வாஹ். ஆக, நல்ல பேச்சைக் கேட்டு வளர்ந்த காது நமக்கு. சிக்கல் என்னவென்றால், இந்த மேடைகள் எல்லாம் முளைத்துவிட்டவனுக்கானவை. முதல் தடவை எழுந்து உளறுகிறவனுக்கு அங்கே ஐந்து நிமிடம் யார் தருவார்?

பட்டிமன்றமும் அப்படித்தான். டி.வி.க்குப் போன பிறகு அது முழுக்க நட்சத்திரங்களின் ஆட்டம் ஆகிவிட்டது. ஆனால் நம்மிடமும் நிலைத்த முன்மாதிரி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம். நேரம் பார்ப்பதில் அவர் கறார். சொன்ன நிமிடத்தில் விழா தொடங்கும், பேச்சாளர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். 1982-ல் அவர் மறைந்தார். கம்பன் விழா இன்னும் நடக்கிறது. கம்பனும் அங்கே இருக்கிறார் என்பது உண்மைதான், ஆனால் கம்பனை வைத்துத் தொடங்கி மூன்றே வருடத்தில் காணாமல் போன மன்றங்கள் எத்தனையோ. ஒழுங்கை ஆளிடமிருந்து பிரித்து வழக்கமாக்கிவிட்டால் சங்கம் பிழைக்கும். சாண்டா ஆனாவில் நடந்ததும் அதுதான்.

ஜேசீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுபது, எண்பதுகளில் நம் பக்கத்துச் சிறு நகரங்களில் கடை முதலாளிகள், எல்.ஐ.சி. ஏஜெண்டுகள், இளம் வக்கீல்கள் மேடையில் பேசப் பழகியது பெரும்பாலும் ஜேசீஸ் கிளப்புகளில்தான். 1915-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் முளைத்த இளைஞர் இயக்கம் அது. இங்கே பேச்சுப் பயிற்சி முகாம்கள் நடத்தினார்கள், நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் வயது வரம்பு 40. பேசிப் பழகி, மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பக்குவம் வரும்போது வெளியே போக வேண்டும். ரோட்டரிக்கோ லயன்ஸுக்கோ போய்விடுவார்கள்; அங்கே பேச்சுப் பயிற்சி முதல் வேலை இல்லை. டோஸ்ட்மாஸ்டர்ஸில் 18 வயது ஆகியிருந்தால் போதும், மேல் வரம்பு கிடையாது. எழுபது வயது ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டரும் இருபது வயது இன்ஜினீயரிங் பையனும் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் காட்சி அங்கேதான் கிடைக்கும். அந்தப் பையன் "சார், நீங்க கொஞ்சம் அதிகமா அட்வைஸ் பண்றீங்க" என்று மேடையில் சொல்வதும், சார் அதைக் குறித்துக்கொள்வதும் சாதாரண விஷயம் இல்லை.

இப்படி எல்லோரையும் சேர்த்துக்கொள்வது ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பெண்களுக்கு அங்கே கதவு திறந்தது 1973-ல்தான். அதுவரை ஆண்கள் மட்டும். பெண்கள் 1938-லேயே சான் பிரான்சிஸ்கோவில் எர்னஸ்டின் ஒயிட் தலைமையில் டோஸ்ட்மிஸ்ட்ரஸ் என்று தனி அமைப்பு வைத்துக்கொண்டார்கள். ஹெலன் பிளான்சர்ட் என்ற பெண்மணியை 1970-ல் ஒரு கிளப் சேர்த்துக்கொள்ள விரும்பியது, விதி இடம் கொடுக்கவில்லை. பதிவேட்டில் ஹோமர் என்று ஆண் பெயரை எழுதிச் சேர்த்தார்கள். அதே ஹெலன் 1985-ல் உலக அமைப்புக்கே தலைவரானார். நம் பக்கம் இன்று கூட்டத்துக்குப் போனால் பாதிக்குப் பாதி பெண்கள் இருப்பதைப் பார்க்கலாம். கட்சி மேடையிலும் பட்டிமன்றத்திலும் அந்த விகிதத்தைத் தேட வேண்டியிருக்கும்.

எண்ணிக்கையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2020 வாக்கில் உலகம் முழுவதும் 3,64,000-க்கும் மேல் உறுப்பினர்கள், 16,000-க்கும் மேல் கிளப்புகள். கொரோனாவுக்குப் பிறகு விழுந்தது. நூற்றாண்டை ஒட்டி சுமார் 2,70,000 பேர், 14,000 கிளப்புகள். ஜூமில் பேசிப் பார்த்துப் பலர் விட்டுவிட்டார்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் நடத்தும் உலகப் பேச்சுப் போட்டியில் தெற்காசியாவுக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தவர் 2014-ல் இலங்கையின் தனஞ்சய ஹெட்டியாராச்சி. அவர் பேச்சை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் கூட்டத்தில் எதை எதிர்பார்க்கலாம் என்று ஓரளவு பிடிபடும்.

குறைகளும் இருக்கின்றன. ரொம்ப நாள் அங்கேயே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். மேடையில் இடமிருந்து வலம் மூன்று எட்டு, ஒரு நிறுத்தம், கையை விரித்து ஒரு கேள்வி, கண் கலங்க ஒரு பாட்டி கதை. போட்டிப் பேச்சுக்கு அது எடுபடும். வேலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் எழுந்து தெருவிளக்கு பற்றிப் பேச அது உதவாது. சில கிளப்புகளில் மதிப்பீடு வெறும் பாராட்டாகத் தேய்ந்துவிடுகிறது. யார் மனமும் நோகக் கூடாது என்று பயந்து "சூப்பர், கீப் இட் அப்" என்று முடிப்பார்கள். அப்படிப்பட்ட கிளப்பில் காசைக் கொட்ட வேண்டாம். இன்னும் சிலருக்குச் சான்றிதழ், பட்டம், பதவி இதுவே வேலையாகப் போய்விடுகிறது. அது எந்தச் சங்கத்துக்கும் வரும் வியாதி.

தமிழ் மீடியம் விஷயத்துக்கு வருகிறேன். அமைப்பின் விதிப்படி கிளப் எந்த மொழியிலும் நடக்கலாம். தமிழில் நடக்கும் கிளப்புகள் சென்னையிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றன. ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் ஆங்கிலம் என்று இரண்டிலும் நடத்துகிறவர்களும் உண்டு. பாத்வேஸ் என்ற அவர்களுடைய பாடத்திட்டம் தமிழிலும் கிடைக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆங்கிலம்தான், ஏனென்றால் வருகிறவர்களில் பாதிப் பேர் கேம்பஸ் இன்டர்வியூவை நினைத்து வருகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் என் யோசனை: முதல் சில பேச்சுகளைத் தமிழில் பேசவிடுகிற கிளப்பாகப் பார்த்துச் சேருங்கள். மேடைப் பயமும் ஆங்கிலப் பயமும் வேறு வேறு. இரண்டையும் ஒரே நாளில் சுமந்துகொண்டு மேடை ஏறினால் எது உங்களைத் தடுக்கிறது என்றே தெரியாமல் போகும். முதலில் தமிழில் கால் ஊன்றி நின்றுவிட்டால், ஆங்கிலத்தில் தடுமாறும்போது அது வெறும் வார்த்தைப் பஞ்சம் என்று புரிந்துவிடும், பயம் பாதியாகிவிடும். "இன்னா", "கீது" என்று நம் பேச்சு வந்துவிடுமோ என்ற கூச்சமும் வேண்டாம். மதிப்பீட்டாளர் பார்ப்பது சொல்ல வந்தது விளங்கியதா என்பதை.

தமிழில் பேசும்போது ஒன்றை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். "அவர்களே" வரிசை. "தலைமை தாங்கும் அண்ணன் அவர்களே, முன்னிலை வகிக்கும் அய்யா அவர்களே, வரவேற்றுப் பேசிய தம்பி அவர்களே" என்று ஆரம்பித்தால் பச்சை அட்டை வரும்போதுகூட நீங்கள் பொருளுக்கு வந்திருக்க மாட்டீர்கள். ஒரே வரியில் வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். கட்சி மேடையில் பழகிய ஒருவரை இந்தப் பழக்கத்திலிருந்து விடுவிப்பதுதான் அங்கே பெரிய பாடாக இருக்கும்.

செலவு: தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேரும்போது ஒரு தடவை 20 டாலர். கிளப்புக்கென்று தனியாக ஏதாவது வாங்கினால் அது வேறு. நம் ஊர்ச் சம்பளத்துக்கு இது கனமான தொகைதான், ஆறு மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் பக்கம் வரும். அதனால் உடனே சேர வேண்டாம். விருந்தினராகப் போவதற்குக் காசு கேட்க மாட்டார்கள். மூன்று கூட்டங்களாவது உட்கார்ந்து பாருங்கள். மதிப்பீட்டில் குறை சொல்கிறார்களா, கடிகாரத்தை மதிக்கிறார்களா, மூன்று கூட்டத்திலும் அதே இரண்டு பேர்தான் எல்லா வேலையும் செய்கிறார்களா என்று கவனியுங்கள். அந்த இரண்டு பேருக்கு மாற்றல் வந்தால் கிளப் மூடிவிடும் என்று தோன்றினால் யோசியுங்கள்.

குடியாத்தத்திலேயே ஒன்று தொடங்கினால் என்ன என்று தோன்றினால், அமைப்பின் கீழ் புதிதாகப் பதிவு செய்ய 20 உறுப்பினர் வேண்டும். அதன் பிறகு குறைந்தது 8 பேராவது கட்டணம் கட்டித் தொடர வேண்டும். 18 வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு கேவல் கிளப் என்று தனி ஏற்பாடு இருக்கிறது, பள்ளிகளுக்கு அது பொருந்தும். அவ்வளவு பேரும் பணமும் சேரவில்லை என்றாலும் பரவாயில்லை. ஒரு நூலக அறை, எட்டுப் பேர், மூன்று கலர் அட்டை, ஒரு செல்போன் கடிகாரம் இருந்தால் இதே முறையில் சொந்தமாக நடத்தலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். முதல் கூட்டத்திலேயே அடுத்த வருடம் யார் தலைவர் என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள்.